எழுதாமல் விட்ட மறுநாள்: கற்றல் குழு எழுத்துப் பழக்கத்தை எப்படித் தாங்குகிறது

ஒரே மாதத்தில் 50,000 சொற்களில் ஒரு நாவலின் முதல் வரைவை எழுதி முடிப்பது என்ற விளையாட்டை 1999-ல் 21 பேர் சேர்ந்து தொடங்கினார்கள். பிறகு அதற்கு நவம்பர் மாதம் என்று ஆனது, நானோரைமோ என்ற பெயரில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதும் நிகழ்வாக வளர்ந்தது. அதை நடத்திவந்த அமைப்பு, இத்துடன் மூடுகிறோம் என்று 2025 மார்ச் 31 அன்று அறிவித்தது. செய்தியைப் படித்த பலருக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். எழுதுவது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை, அதற்கு எதற்குக் கூட்டம்? சரி, கூட்டம் உதவுகிறது என்றால் அது என்னதான் செய்கிறது, வெறும் கைதட்டலா?

கைதட்டல் அதில் மிகச் சிறிய பங்கு. நல்ல கற்றல் குழு ஒருவரின் மன உறுதியிடமிருந்து சில குறிப்பிட்ட வேலைகளைத் தன் கைக்கு வாங்கிக்கொள்கிறது. அவற்றில் முக்கியமான வேலை, எழுதிய நாளில் நடப்பதில்லை. எழுதாமல் விட்ட நாளுக்கு மறுநாள் நடக்கிறது. அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் இது புரியும்.

பழக்கம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரே சூழலில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒரு கட்டத்தில் அந்தச் சூழல் வந்ததுமே யோசிக்காமல் அந்தச் செயலைத் தொடங்கிவிடுகிற நிலைதான் பழக்கம். பல் துலக்குவதற்கு யாரும் தீர்மானம் போடுவதில்லை. ஆசையும் உறுதியும் வேறு. அவை இருக்கிற நாளில் இருக்கும், இல்லாத நாளில் இருக்காது.

21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதியது சொல்லிச் சொல்லித் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. நேரடியாக அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லேலியும் அவருடன் இருந்தவர்களும். 96 பேர், 84 நாள். ஒவ்வொருவரும் தினமும் குறிப்பிட்ட ஒரு சூழலில் செய்ய வேண்டிய ஒரு சின்னச் செயலைத் தேர்ந்தெடுத்தார்கள். அது தானாக நடக்கும் நிலைக்கு வர ஆன காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது, நடு மதிப்பு 66 நாள். (ஆய்வே 84 நாள்தான். 254 என்பது போக்கை வைத்துக் கணக்கிட்டு நீட்டிய எண்.) இதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது, அதை ஏனோ யாரும் அதிகம் சொல்வதில்லை: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த ஆய்வில் இருந்தவை ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது மாதிரியான செயல்கள். எழுதுவது அப்படி இல்லை. எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அது எந்தக் காலத்திலும் தானாக நடக்காது. அதனால் எழுத்துப் பழக்கம் என்று நாம் சொல்வது உண்மையில் உட்காரும் பழக்கம். குறித்த நேரத்தில் உட்கார்ந்து, கோப்பைத் திறந்து, முதல் வரியைத் தொடுவது வரைக்கும்தான் பழக்கத்தின் எல்லை. அதற்கு மேல் உழைப்பு. முப்பது வருடம் எழுதியவருக்கும் உழைப்புதான்.

கற்றல் குழு எது, எது இல்லை?

ஒருவர் மற்றவரின் முடிக்கப்படாத எழுத்தை, ஓர் ஒழுங்கான இடைவெளியில், அது இன்னும் நன்றாக வர வேண்டும் என்ற நோக்கத்தோடு படிக்கும் சிலர். இவ்வளவுதான். அச்சில் வந்ததை மட்டும் பகிர்ந்து வாழ்த்து வாங்கிக்கொள்வது ரசிகர் வட்டம். ஒருவர் மட்டும் பேசி மற்றவர்கள் குறிப்பெடுப்பது வகுப்பு. இரண்டிலும் பயன் உண்டு, ஆனால் பழக்கத்தைத் தாங்கும் வேலையை அவை பெரும்பாலும் செய்வதில்லை.

ஆசிரியர் இல்லாமல், எழுதுபவர்களே வாரம்தோறும் கூடி ஒருவர் எழுத்தை ஒருவர் படித்து, படிக்கும்போது தங்களுக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்லலாம் என்ற முறையை அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973-ல் விரிவாக முன்வைத்தார். இன்று நடக்கும் பல எழுத்துக் குழுக்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்த முறையில்தான் இயங்குகின்றன.

தனியாக எழுதுபவர் எங்கே விழுகிறார்?

1. பலன் வெகு தூரத்தில் இருக்கிறது. இன்று எழுதிய ஒன்றரைப் பக்கத்துக்கு இன்று எதுவும் கிடைக்காது. முடித்து, திருத்தி, யாராவது படித்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அவ்வளவு காலம் எதையும் வாங்காமல் ஒரு செயலைத் திரும்பச் செய்ய மனம் இலேசில் ஒப்புக்கொள்வதில்லை.

2. எழுதுபவரும் நீதிபதியும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்து எப்படி நடக்கிறது என்று 1981-ல் லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேய்ஸும் ஒரு மாதிரியை வரைந்தார்கள். திட்டமிடுவது, சொற்களாக மாற்றுவது, மறுபார்வை செய்வது ஆகிய மூன்றும் வரிசையாக நடப்பதில்லை, ஒன்றுக்குள் ஒன்று எந்த நேரமும் புகுந்துவிடும் என்பது அதன் சாரம். தனியாக இருப்பவருக்கு மறுபார்வை ரொம்பச் சீக்கிரம் புகுந்துவிடுகிறது. முதல் வாக்கியம் முடிவதற்குள் அது மட்டம் என்ற தீர்ப்பு வந்துவிடும்.

3. ஒரு நாள் விட்டால் ஒரு கதை பிறக்கிறது. இது கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களை ஆராய்ந்த ஆலன் மார்லட், ஒரு முறை தவறியதைவிட, தவறியபின் அந்த ஆள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் விளக்கம்தான் முழுச் சறுக்கலுக்குக் காரணமாகிறது என்று காட்டினார். 'போச்சு, நமக்கு இது ஒத்துவராது, இனி எதற்குக் கட்டுப்பாடு' என்ற விளக்கம். எழுதுபவர்களிடமும் அச்சு அசல் இதையே பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விருந்தினர் வந்ததால் எழுதவில்லை. புதன்கிழமை எழுதாததற்கு விருந்தினர் காரணமில்லை, செவ்வாய்க்கிழமை எழுதாததுதான் காரணம். வியாழக்கிழமை கோப்பைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. பத்து நாள் கழித்து 'நான் ஒன்றும் எழுத்தாளன் கிடையாது' என்று முடிகிறது. லேலியின் ஆய்வுப்படி பார்த்தால் செவ்வாய்க்கிழமையால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. கெடுத்ததெல்லாம் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை.

17, 64, 157

இந்த விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண்கள் இவை. ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று பிரிவாகப் பார்த்து 1989-ல் வெளியிட்டார். வழக்கம்போல் நேரம் கிடைக்கும்போது மொத்தமாக உட்கார்ந்து எழுதியவர்கள் ஓர் ஆண்டில் சராசரியாக 17 பக்கம் எழுதினார்கள். தினமும் கொஞ்சம் எழுதி, எழுதியதைக் குறித்தும் வைத்தவர்கள் 64 பக்கம். தினமும் எழுதி, குறித்து வைத்து, அதோடு வாரம்தோறும் இன்னொருவரிடம் கணக்கும் காட்டியவர்கள் 157 பக்கம்.

27 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, எல்லோரும் ஆய்வு எழுத வேண்டிய வேலையில் இருந்தவர்கள், அதனால் இதை எல்லோருக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இரண்டாம் பிரிவுக்கும் மூன்றாம் பிரிவுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இருவரும் தினமும் எழுதினார்கள், இருவரும் குறித்து வைத்தார்கள். கூடுதலாக இருந்தது இன்னொரு மனிதர் மட்டும். அந்த மனிதர் பாராட்டினாரா, திருத்தினாரா என்பது இங்கே பேச்சே இல்லை. கேட்டார், அவ்வளவுதான்.

குழு கையில் எடுத்துக்கொள்ளும் வேலைகள்

1. எப்போது என்பதை முடிவு செய்வது. 'இனி நிறைய எழுத வேண்டும்' என்பது ஆசை. 'இரவு சாப்பிட்டு முடித்ததும் மேசைக்குப் போய் இருபது நிமிடம்' என்பது திட்டம். நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே கட்டிவைத்த எண்ணம் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் பலவிதமாகக் காட்டியிருக்கின்றன. குழுவுக்குக் கூடும் நாள் ஒன்று இருந்தால் இந்தக் கட்டு தானாக விழுகிறது. வியாழன் இரவு எல்லோரும் பக்கங்களை அனுப்ப வேண்டும் என்றால் புதன் இரவு என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2. காத்திருக்கும் ஒரு வாசகரைத் தருவது. ஆக்ஸ்ஃபோர்டில் 1930-களிலும் 40-களிலும் இங்க்ளிங்ஸ் என்ற சிறு எழுத்தாளர் வட்டம், அதில் ஒருவரான சி.எஸ். லூயிஸின் அறையில் வியாழக்கிழமை இரவுகளில் கூடி, எழுதிக்கொண்டிருப்பதை உரக்கப் படித்துக் காட்டியது. ஜே.ஆர்.ஆர். டோல்கீன் பல ஆண்டுகள் இழுத்து இழுத்து எழுதிய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற பெரிய நாவலின் பகுதிகளை அங்கே படித்தார். லூயிஸுக்குத் தான் பட்ட கடன் இலக்கியப் பாதிப்பு கிடையாது என்றும், நீண்ட காலம் அவர் ஒருவரே தன் வாசகராக இருந்ததும், மேலும் மேலும் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்ததும்தான் அந்த நாவலை முடிக்க வைத்தன என்றும் பின்னாளில் கடிதங்களில் எழுதினார். 'அடுத்து என்ன?' என்று ஒருவர் உண்மையாகவே கேட்டால், மாதங்கள் தள்ளி இருந்த பலன் அடுத்த வியாழக்கிழமைக்கு வந்துவிடுகிறது.

3. அரைகுறையைக் கண்ணில் காட்டுவது. நாம் படிக்கும் புத்தகங்கள் எல்லாம் முடிந்தவை. அடித்தல் திருத்தல், கைவிட்ட மூன்று தொடக்கங்கள் எதுவும் அதில் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு நம் முதல் வரைவைப் பார்த்தால் அழுகைதான் வரும். குழுவில், நம்மைவிட நன்றாக எழுதும் ஒருவரின் முதல் வரைவும் கோணலாக இருப்பதைப் பார்க்கிறோம், இரண்டு வாரத்தில் அது நிமிர்வதையும் பார்க்கிறோம். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை பிறக்கும் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலும் மனமும் அப்போது இருக்கும் நிலை. இவற்றில் சொல்லில் வரும் ஊக்கத்தைவிட வலுவானது பார்த்து வருவது. 'உன்னால் முடியும்' என்று பத்துப் பேர் சொல்வதைவிட ஒருவரின் அசிங்கமான முதல் வரைவு அதிகம் உதவும்.

4. விட்டவரைத் திரும்ப அழைப்பது. முன்னால் சொன்ன அந்தக் கதை, 'எனக்கு ஒத்துவராது' என்ற கதை, ஒருவர் தனியாக இருக்கும்போதுதான் கொழுக்கும். குழுவுக்கு அதை வெட்டும் வாய்ப்பு உண்டு, ஆனால் எப்படி அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 'என்ன, ஆளையே காணோம்?' என்று கேட்டால் அவர் முதலில் விளக்கம் சொல்லியாக வேண்டும். விளக்கம் சொல்லக் கூச்சப்படுபவர் இன்னும் ஒரு வாரம் ஒளிவார். 'நாளை ஏழு மணிக்கு உட்காருகிறோம். உங்கள் கதையில் அவன் பேருந்தைத் தவறவிட்ட இடத்தில் நிறுத்தியிருந்தீர்கள், அங்கிருந்து இரண்டு வரி போதும்' என்று சொன்னால் விளக்கத்துக்கே இடமில்லை. அவர் எங்கே விட்டார் என்பது இன்னொருவருக்கு நினைவிருக்கிறது, திரும்பி வர வேண்டிய இடம் இரண்டு வரி அகலம்தான். ஒரு குழு நல்லதா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது இதை மட்டும்தான்: மூன்று வாரம் வராதவரால் எந்த மாதிரி உள்ளே நுழைய முடிகிறது?

கருத்துச் சொல்வது: கத்தி எங்கே திரும்புகிறது?

கருத்துச் சொன்னால் எழுத்து மேம்படும் என்று பொதுவாக நம்புகிறோம். 1996-ல் அவ்ரகம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும், பிறர் தரும் மதிப்பீடு செயல்திறனை எப்படி மாற்றுகிறது என்ற நூற்றுக்கணக்கான முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக உதவுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் செயல்திறன் குறைந்திருந்தது. அவர்கள் தந்த விளக்கம்: கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் பக்கம் போகப்போக மதிப்பீட்டின் பயன் குறைகிறது. திட்டுக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம், புகழ்ச்சியும் கவனத்தை ஆள் பக்கம்தான் திருப்புகிறது.

ஓர் உதாரணம். ஒருவர் இப்படி இரண்டு வரி எழுதி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து சாவியை மேசைமேல் வைத்தார். அவர் மனம் மிகவும் வேதனைப்பட்டது."

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

முதலாமவர்: "அருமை! உங்கள் கையில் எழுத்து இருக்கிறது."

இரண்டாமவர்: "ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. நிறைய வாசிக்க வேண்டும் நீங்கள்."

மூன்றாமவர்: "சாவியை மேசைமேல் வைத்தார் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அடுத்த வரி எனக்குத் தேவைப்படவில்லை. ஆமாம், இவ்வளவு நாளும் சாவியை எங்கே வைப்பார்?"

முதல் இருவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள், எழுதியவரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்கள். ஒன்று இனித்தது, ஒன்று கசந்தது. இனித்ததை வாங்கிக்கொண்டவருக்கும் நாளை என்ன எழுத என்று தெரியாது. போதாததற்கு, அடுத்த முறை இதே 'அருமை' வருமா என்ற பயம் வேறு. மூன்றாமவர் ஆளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. எந்த வரி வேலை செய்தது, எது செய்யவில்லை என்று தன் வாசிப்பை வைத்துச் சொன்னார், பிறகு ஒரு கேள்வியை விட்டுப் போனார். அந்தக் கேள்வி வீட்டுக்குக் கூடவே வரும். சட்டைப் பையிலேயே வைத்திருப்பாரா, தூங்கும்போது தலையணைக்கு அடியிலா, முதல் முறையாக மேசைமேல் வைக்கிறார் என்றால் நாளைக் காலை கடை திறக்கப்போவதில்லையா? நாளை உட்காரும்போது வெற்றுத் தாள் இல்லை, பாதி திறந்த கதவு இருக்கிறது.

பழக்கத்தின் கண்ணில் பார்த்தால், நல்ல கருத்து என்பது அடுத்த நாள் உட்காருவதை எளிதாக்கும் கருத்து. எழுத்துத் தரம் அதன் பின்னால் மெதுவாக வரும். ஆரம்பத்தில் இருப்பவரிடம் ஒரே நேரத்தில் பதினைந்து பிழைகளைச் சுட்டுபவர் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் பதினைந்தையும் கேட்டவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

புதியவர் எந்த வாசல் வழியாக நுழைகிறார்?

ஜீன் லேவும் எடியென் வெங்கரும் 1991-ல் எழுதிய ஆய்வில் லைபீரியாவின் தையற்காரர்கள் வருகிறார்கள். தொழில் பழக வரும் பையனிடம் முதல் நாளே துணியையும் கத்திரியையும் தருவதில்லை. வெட்டுவதில் தப்பினால் துணி வீண். பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது என்று உடையின் கடைசி வேலைகளிலிருந்து தொடங்கி, பிறகு தையல், கடைசியில் வெட்டு. அதற்குள் முழு உடை எப்படி இருக்கும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும். ஓரத்தில் உண்மையான, ஆனால் ஆபத்துக் குறைந்த வேலையைச் செய்துகொண்டே மையத்துக்கு நகர்வதுதான் கற்றல் என்றார்கள்.

எழுத்துக் குழுவில் அந்தப் பொத்தான் வேலை, பிறர் எழுத்தைப் படித்துச் சொல்வது. புதிதாக வந்தவர் முதல் சில வாரம் எழுதாமல் படித்துக்கொண்டிருந்தால் அவரைப் பார்வையாளர் என்று ஒதுக்கத் தேவையில்லை. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எழுதப் பழகிய மாணவர்களில் ஒரு பிரிவினர் பிறர் கட்டுரைக்குக் கருத்துச் சொல்ல மட்டும் பழகினார்கள், இன்னொரு பிரிவினர் வந்த கருத்தை வைத்துத் திருத்த மட்டும் பழகினார்கள். சொந்த எழுத்தில் அதிகம் முன்னேறியவர்கள் கருத்துச் சொன்னவர்கள்தான். அடுத்தவர் பக்கத்தில் தேவையில்லாத வரியைப் பத்து முறை கண்டுபிடித்தவருக்கு, பதினோராவது முறை அது தன் பக்கத்தில் தென்படும்.

குழுவே கெடுக்கும் இடங்கள்

குழு என்றாலே நல்லது என்று இல்லை. பழக்கத்தைக் கொன்ற குழுக்களும் ஏராளம். காரணங்கள் பெரும்பாலும் இவைதான்:

1. அறிவிப்புக் கூட்டம். 'இந்த வருடம் நாவல் முடிக்கிறேன்' என்று சொன்னதும் எல்லோரும் வாழ்த்துகிறார்கள். முன்னால் வந்த அதே கோல்விட்சர், 2009-ல் சக ஆய்வாளர்களுடன் செய்த சோதனைகளில், தான் யாராக வேண்டும் என்பது தொடர்பான எண்ணத்தைப் பிறர் அறிந்து அங்கீகரித்துவிட்டால் அதற்காக உழைப்பது குறைகிறது என்று கண்டார். பாதி எழுத்தாளர் ஆகிவிட்ட நிறைவு வாழ்த்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே செய்யப்போவதைச் சொல்லாமல் செய்ததைச் சொல்வது நல்லது. 'இன்று 140 சொல்' என்பது அறிவிப்பு இல்லை, கணக்கு.

2. எண்ணிக்கைப் போட்டி. ஓவியம் வரையப் பிடித்த சின்னக் குழந்தைகளிடம் 'வரைந்தால் பரிசு' என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தபோது, பிறகு பரிசு இல்லாத நேரத்தில் அவர்கள் வரைவது குறைந்தது என்று 1973-ல் லெப்பரும் உடனிருந்தவர்களும் காட்டினார்கள். பதக்கமும் பட்டியலும் வைத்து எழுதவைக்கும் குழுவில் போட்டி முடிந்த மறுநாள் இதுவே நடக்கலாம். விடாமல் எழுதிய நாள்களின் சங்கிலியை எண்ணும் முறைக்கு இன்னொரு கேடும் உண்டு. 48-ம் நாள் அறுந்தால் 47 நாளும் போனதாகத் தோன்றும். மார்லட் சொன்ன அதே பள்ளம், இன்னும் ஆழமாக.

3. பெருங்கூட்டம். கயிறு இழுக்கும்போது ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது என்பதை ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நூறு ஆண்டுக்கு முன்பே அளந்தார். நூறு பேர் இருக்கும் குழுவில் ஒருவர் எழுதியதைப் போட்டால், யாராவது படிப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். முடிவில் ஒருவரும் படிப்பதில்லை. முதல் முறை பகிர்ந்தவருக்கு அந்த மௌனத்தைவிடத் திட்டு மேல்.

4. ஒரே ஒரு உறுப்பினர். இங்க்ளிங்ஸிலேயே ஹ்யூகோ டைசன் என்பவருக்கு டோல்கீன் படிப்பது பிடிக்கவில்லை, அவர் இருக்கும் நேரங்களில் படிப்பது நின்றுபோனது. அத்தனை நட்பான வட்டத்திலேயே ஒருவரின் சலிப்புக்கு அவ்வளவு பலம் இருந்திருக்கிறது.

எத்தனை பேர், எந்த முறை?

நாலைந்து பேர் போதும். ஆறைத் தாண்டினால் ஒரு சுற்றில் எல்லோர் எழுத்தையும் ஒழுங்காகப் படிக்க முடியாது, மூன்றுக்குக் கீழே போனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே கூட்டம் நின்றுவிடும். வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எழுதாமல் வருபவரும் வரலாம், ஆனால் படித்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதி இல்லாத குழுவில், எழுதாதவர் வெட்கப்பட்டு வராமல் இருப்பார், வராததால் எழுதமாட்டார், அப்புறம் காணாமல் போவார்.

சிலருக்குப் பேச்சே வேண்டாம். ஒரே அறையிலோ திரையிலோ கூடி, அவரவர் வேலையை ஐம்பது நிமிடம் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போவார்கள். உட்காரும் பழக்கத்துக்கு மட்டும் அதுவே நன்றாக உதவுகிறது. எழுத்து வளர வேண்டுமானால் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

குழு கலைந்தால்?

நானோரைமோ மூடியபிறகு எழும் கேள்வி இதுதான். குழுதான் ஒருவரின் ஒரே தூண்டல் என்றால், குழு போனதும் பழக்கமும் போகும். வியாழக்கிழமை இல்லையென்றால் புதன் இரவும் இல்லை. அதனால் குழு இருக்கும்போதே தூண்டலை வேறொன்றில் கட்டிவைப்பது நல்லது: ஒரு நாற்காலி, ஒரு நேரம், ஒரு நோட்டு. குழு கூடும் நாளைத் தவிர மற்ற நாள்களிலும் அங்கே போய் உட்கார்ந்து பழகியவருக்கு, கூட்டம் நின்ற வாரத்திலும் உடம்பு அந்த நேரத்துக்கு அங்கே போகும்.

மற்றது, குரல்கள். லெவ் விகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர், குழந்தையின் உயர்ந்த மனத்திறன்கள் எல்லாம் இரண்டு முறை தோன்றுகின்றன என்றார், முதலில் மனிதர்களுக்கு இடையே, பிறகு மனிதருக்குள்ளே. முதலில் இன்னொருவர் கேட்ட கேள்வி, நாளடைவில் நாமே நம்மைக் கேட்கும் கேள்வியாகிறது. அந்தச் சாவியை எழுதியவரையே எடுத்துக்கொள்வோம். குழு நின்று ஆறு மாதம் ஆகிறது, மூன்றாமவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். இவர் ஒரு நாள் எழுதுகிறார்: "அம்மா இரண்டு தட்டு எடுத்து வைத்தாள், பிறகு ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாள். அவளுக்குத் துக்கம் தாங்கவில்லை." இரண்டாவது வரியின் கடைசி எழுத்தை அடிக்கும்போதே கை நிற்கிறது. அந்த வரியை அழித்துவிட்டு, எந்தத் தட்டு என்று யோசிக்க ஆரம்பிக்கிறார்.